அஞ்சு நாள் ஸ்டீராய்டை சட்டென நிறுத்தலாம், அத்தையின் ஸ்டீராய்டை ஏன் நிறுத்தக் கூடாது?

பழையவண்ணை பாலு

எல்லாருக்கும் வணக்கம். விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள்.

தண்டையார்பேட்டையில் இருக்கும் எங்கள் அத்தைக்கு லூபஸ் (உடம்பின் எதிர்ப்பு சக்தியே உடம்பைத் தாக்குகிற நோய்) என்று கண்டுபிடித்து பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். 40 மில்லிகிராமில் ஆரம்பம். சீட்டின் பின்பக்கம் டாக்டரே பேனாவால் கட்டம் போட்டு, எந்தத் தேதியிலிருந்து 30, எந்தத் தேதியிலிருந்து 25 என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். கைமூட்டு வலி போய்விட்டது, கால் வீக்கமும் வடிந்துவிட்டது. ஆனால் முகம் உப்பிவிட்டது. ராத்திரி பதினோரு மணிக்குப் பசிக்கிறது என்று எழுந்து அத்தோ (பர்மா நூடுல்ஸ்) வாங்கி வரச் சொல்கிறார். பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் எல்லாம் "ஐயோ, ஸ்டீராய்டா? கிட்னி போயிடும், உடனே நிறுத்து" என்று கிளப்பிவிட்டுப் போகிறார்கள்.

என் குழப்பம் வேறு. அதே வாரம் எங்கள் மாடி வீட்டு அண்ணனுக்கு வீசிங் அதிகமாகி அதே மாத்திரை, அதே 40. அஞ்சு நாள் போட்டார், ஆறாவது நாள் நிறுத்திவிட்டார். டாக்டர் சொல்லித்தான் நிறுத்தினார். அத்தைக்கு மட்டும் "ஒரு வேளை கூடத் தவறக் கூடாது, சட்டென நிறுத்தினால் ஆபத்து" என்று மூன்று தடவை சொல்லி அனுப்பினார்கள். ஒரே மாத்திரைக்கு இரண்டு சட்டமா? இது உள்ளே போய் என்னதான் செய்கிறது?

டி.எச். ரோடு பெரிசு

பாலு தம்பி, முதல் வேலையாக அந்தச் சீட்டின் பின்பக்கத்தை செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள். மருந்துக்கடையில் முப்பது வருஷத்துக்கு மேல் நின்றவன் சொல்கிறேன், அந்தக் கட்டம்தான் வைத்தியத்தில் பாதி. சீட்டு தொலைந்துபோய், "பெரிய மாத்திரையா, சின்ன மாத்திரையா, ஞாபகம் இல்லையே" என்று அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு சிறுநீரகத்துக்கும் மேலே ஆளுக்கொரு சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. அட்ரீனல் என்று பெயர். ஒவ்வொன்றும் நாலைந்து கிராம்தான் இருக்கும். அதன் வெளிப்பட்டை கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. ஒரு நாளைக்கு ஏறக்குறைய 10 முதல் 20 மில்லிகிராம். காய்ச்சல், அடிபடுதல், ஆபரேஷன் என்று உடம்புக்கு இக்கட்டு வந்தால் இதைவிடப் பல மடங்கு சுரக்கும். பிரஷரைத் தாங்கிப் பிடிப்பது, ரத்தத்தில் சர்க்கரையை இறங்கவிடாமல் வைப்பது, எதிர்ப்பு சக்தி அளவு மீறாமல் அடக்குவது எல்லாம் அதன் வேலை.

பிரெட்னிசலோன் அந்தக் கார்டிசாலின் வேலையையே செய்கிற மருந்து. 5 மில்லிகிராம் பிரெட்னிசலோன் என்பது சுமார் 20 மில்லிகிராம் கார்டிசாலுக்குச் சமம். ஆக, உன் அத்தை போடுகிற 40 என்பது உடம்பு ஒரு நாளைக்குத் தானாகச் சுரப்பதைப் போல எட்டு மடங்கு, அதற்கு மேலேயும் இருக்கலாம்.

இனி கணக்கு வைப்பவர்களைப் பார்ப்போம். மூளையில் ஹைபோதலாமஸ் ஒரு சைகை அனுப்பும். அதைக் கேட்டு பிட்யூட்டரி ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடும். அது வந்து தட்டினால்தான் அட்ரீனல் கார்டிசால் சுரக்கும். ரத்தத்தில் கார்டிசால் போதுமென்றால் மேலே இருக்கும் இரண்டும் வாயை மூடிக்கொள்ளும். வந்தது சொந்தச் சரக்கா, கடையில் வாங்கிய மாத்திரையா என்று அவற்றுக்குத் தெரியாது. நிறைய இருக்கிறது, அவ்வளவுதான்.

நம்ம ஏரியா ஆளுக்கு இது சுலபமாகப் புரியும். தெருவுக்குத் தினமும் தண்ணீர் லாரி வந்தால் அடிபம்பை யார் அடிக்கப் போகிறார்கள்? நாலு நாள் அடிக்காவிட்டால் ஒன்றும் ஆகாது. மாசக்கணக்கில் விட்டால் உள்ளே வாஷர் காய்ந்துவிடும். திடீரென ஒருநாள் லாரி நின்றால், அடித்து அடித்துக் கை ஓய்ந்தாலும் காற்றுதான் வரும். மாடி வீட்டு அண்ணனுக்கு அஞ்சு நாள் லாரி வந்தது. உன் அத்தைக்கு மாசக்கணக்கில் வருகிறது, அட்ரீனல் சுருங்கியிருக்கும். அதனால்தான் மெதுவாகக் குறைத்து, மூளையைத் திரும்பவும் ஏ.சி.டி.எச். அனுப்ப வைத்து, சுரப்பியைத் தேற்றி எடுக்கிறார்கள். மூன்று வாரத்துக்கு மேல் போனாலே எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. நீண்ட நாள் போட்டவர்களுக்குச் சுரப்பி முழுசாகத் தேற மாசங்கள் ஆகும். சிலருக்கு ஒரு வருஷம் கூட ஆகலாம்.

கிட்னி போயிடும் என்று சொன்ன சொந்தக்காரருக்கு ஒரு காபி கொடுத்து அனுப்பு. லூபஸில் கிட்னியைக் கடிப்பது உடம்பின் சொந்த எதிர்ப்பு சக்தி. அதை அடக்கத்தான் இந்த மாத்திரை. மூட்டுவலிக்கு சீட்டு இல்லாமல் வாங்கித் தின்கிற வலி மாத்திரைகள்தான் கிட்னிக்கு எதிரி. அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

சும்மா கேக்குறேன்

இதற்குத்தான் இங்கிலீஷ் மருந்தே வேண்டாம் என்கிறேன். எங்கள் தெருவில் ஒருத்தருக்கு மூட்டுவலி. வண்டியில் வந்து விற்பவரிடம் ஒரு சூரணம் வாங்கிச் சாப்பிட்டார். மூன்றே நாள், வலி போன இடம் தெரியவில்லை. நல்ல பசி, முகமும் தெளிச்சியாகிவிட்டது. பக்க விளைவு கிடையாது, படிப்படியாகக் குறைக்கிற தொல்லையும் கிடையாது. மூலிகை மூலிகைதான்.

கல்மண்டபம் அக்கா

தம்பி, மூன்றே நாளில் வலி பறந்தது, பசி எடுத்தது, முகம் உப்பியது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் வார்டில் இருந்தவர்களுக்கு வயிற்றைக் கலக்கும்.

நான் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். ஒரு அம்மாவைக் கொண்டுவந்தார்கள், காசிமேட்டுப் பக்கம் கருவாடு விற்கிறவர். வாந்தி, மயக்கம், பிரஷர் கைக்கே அகப்படவில்லை. சுகரும் குறைவு. முகம் மட்டும் உருண்டு, கன்னம் சிவந்து, பிடரியில் கொழுப்பு திரண்டு இருந்தது. வயிற்றிலும் தொடையிலும் ஊதா நிறத்தில் அகலமான கோடுகள். பெரிய டாக்டர் அந்தக் கோட்டைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "என்ன மருந்தை நிறுத்தினீங்க?" மகள் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தாள். முட்டிவலிக்குப் பொடி. விற்கிற ஆள் கொஞ்ச நாளாக வரவில்லையாம், அதனால் பொடி தீர்ந்துவிட்டது.

ரத்தம் எடுத்து அனுப்பிவிட்டு, முடிவுக்குக் காத்திராமல் ஹைட்ரோகார்டிசோன் (மருந்தாக வருகிற கார்டிசால்தான்) 100 மில்லிகிராம் ஊசி, கூடவே சலைன். சாயங்காலம் எழுந்து உட்கார்ந்து காபி கேட்டார். ரத்தத்தில் கார்டிசால் இல்லையென்றே சொல்லலாம் என்று அப்புறம் முடிவு வந்தது. பெரிசு சொன்ன அடிபம்பு கதைதான். என்ன, இந்த அம்மாவுக்கு லாரி வந்ததே தெரியாது.

மூலிகை என்று விற்கிற பொடிகளில் டெக்சாமெத்தசோன், பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டுகள் கலந்து பிடிபட்டது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. உங்கள் தெருக்காரரை மிரட்ட வேண்டாம், திடீரென நிறுத்தவும் சொல்லாதீர்கள். பொட்டலத்தோடு டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

சும்மா கேக்குறேன்

யாரோ ஒரு ஃபிராடு கலந்தான் என்பதற்காக சித்த மருத்துவத்தையே குறை சொல்வது நியாயமா அக்கா?

கல்மண்டபம் அக்கா

சித்த மருத்துவத்தை எங்கே சொன்னேன்? பட்டம் படித்த சித்த மருத்துவர் சீட்டு எழுதுவார், பெயர் போடுவார், கேட்டால் பதில் சொல்வார். பொட்டலத்தில் பெயரே இல்லாததைத்தான் சொன்னேன்.

பிளஸ் டூ பயாலஜி

நல்ல இழை. பாலு கேட்ட "உள்ளே போய் என்ன செய்கிறது" என்ற கேள்வி பாதியில் நிற்கிறது, நான் தொடர்கிறேன்.

ஸ்டீராய்டு ஹார்மோன்கள் எல்லாமே கொலஸ்ட்ராலிலிருந்து செய்யப்படுபவை. கார்டிசால், ஆல்டோஸ்டீரோன், டெஸ்டோஸ்டீரோன், ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டீரோன் எல்லாம் ஒரே வம்சம். கொழுப்பில் கரையும் பொருள் என்பதால் செல்லின் சவ்வு இவற்றைத் தடுக்காது, நேராக உள்ளே போய்விடும். இன்சுலினும் அட்ரீனலினும் அப்படியில்லை. அவை செல்லின் வெளிப்பக்கத்து ஏற்பியை (ஹார்மோன் வந்து பொருந்தும் புரதம், ரிசெப்டர்) தொட்டு, அங்கிருந்தே காரியத்தை நடத்திக்கொள்கின்றன.

கார்டிசால் உள்ளே போனதும் அங்கே காத்திருக்கும் ஏற்பிப் புரதத்தோடு சேர்கிறது. அந்த ஜோடி உட்கருவுக்குள் நுழைந்து டி.என்.ஏ. மீது உட்கார்ந்து சில ஜீன்களை எழுப்புகிறது, சிலவற்றை அடக்குகிறது. அழற்சியைக் கிளப்பும் ஜீன்களை முடுக்கிவிடும் என்.எஃப். கப்பா பி என்ற புரதத்தின் கையைக் கட்டிப்போடுவது இதில் முக்கியமான வேலை. வீக்கம், சிவப்பு, வலியை உண்டாக்கும் ரசாயனங்களின் உற்பத்தியே அதனால் குறைகிறது. சாதாரண வலி மாத்திரை இந்தப் பாதையில் கீழே ஓர் இடத்தில் மட்டும்தான் அடைக்கும். ஸ்டீராய்டு மேலேயே கை வைக்கிறது. அதன் பலமும் தொல்லையும் அங்கேதான். இந்த ஏற்பி உடம்பில் ஏறக்குறைய எல்லா செல்லிலும் இருக்கிறது. மூட்டுக்குப் போ, எலும்பை விட்டுவிடு என்று மாத்திரைக்குச் சொல்ல முடியாது.

இன்னொன்று. ஜீனை எழுப்பி, புரதம் செய்து, அது வேலைக்கு வர நேரம் பிடிக்கும். அதனால் ஸ்டீராய்டின் பலன் தெரிய சில மணி நேரமாவது ஆகும். அதே காரணத்தால் மருந்து ரத்தத்திலிருந்து இறங்கிய பிறகும் வேலை தொடரும். பிரெட்னிசலோன் ரத்தத்தில் மூன்று நாலு மணி நேரத்தில் பாதியாகிவிடும், ஆனால் அதன் விளைவு 12 முதல் 36 மணி நேரம் நிற்கும். டெக்சாமெத்தசோன் அதற்கும் மேல்.

கல்மண்டபம் அக்கா

இதை அவசரப் பிரிவுக்கு வெளியே போர்டில் எழுதி மாட்ட வேண்டும். வீசிங்கோடு வருகிற பிள்ளைக்கு ஸ்டீராய்டு கொடுத்த பத்தாவது நிமிஷம் "ஊசி போட்டும் இழுக்குதே" என்று அம்மாக்கள் சண்டைக்கு வருவார்கள். பத்து நிமிஷத்தில் மூச்சைத் திறப்பது நெபுலைசரில் வைக்கிற சால்புட்டமால். ஸ்டீராய்டு நாலைந்து மணி நேரம் கழித்துத்தான் கைகொடுக்கும். ராத்திரி திரும்ப இழுக்காமல் பார்த்துக்கொள்வது அதுதான்.

எண்ணூர், மணலிப் பக்கம் வருஷம் பூரா இன்ஹேலர் வைத்திருக்கும் பிள்ளைகள் நிறைய. பியூடிசோனைடு இன்ஹேலரைப் பார்த்து "ஸ்டீராய்டு, பழகிடும்" என்று பயந்து பெட்டியில் போட்டுவிடுகிறார்கள். அதில் ஒரு தடவைக்குப் போவது மைக்ரோகிராம் கணக்கு, மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. போய்ச் சேருவதும் நேராக நுரையீரலுக்கு. இழுத்து முடித்ததும் வாய் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கும். கொப்பளிக்கச் சோம்பல்பட்டு மாத்திரைக்கு மாறுகிறவர்களை என்னவென்று சொல்வது.

மணலி மாமா

அறுபது வயது, சுகர் இல்லாதவன். தோல் வியாதிக்கு இதே மாத்திரை போட்டபோது காலை வெறும் வயிற்றில் பார்த்தால் 98, 102 என்று நல்ல பிள்ளையாக இருந்தது. சாயங்காலம் பார்த்தால் 260. லேப்தான் தப்பு என்று வேறு லேபுக்குப் போனேன், அங்கேயும் அதேதான்.

டி.எச். ரோடு பெரிசு

இரண்டு லேபும் சரிதான் மாமா. காலையில் போட்ட மாத்திரை மத்தியானத்திலிருந்து சர்க்கரையை ஏற்றும், விடிவதற்குள் இறங்கிவிடும். கல்லீரலைப் புதிதாகச் சர்க்கரை செய்ய வைக்கும், தசையில் இன்சுலினை வேலை செய்யவிடாது. வெறும் வயிற்றில் மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். ஸ்டீராய்டு போடுகிறவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் இரண்டு மணி நேரம் கழித்தோ, ராச்சாப்பாட்டுக்கு முன்னாலோ பார்க்க வேண்டும்.

காலையில் போடச் சொல்வதற்கும் காரணம் உண்டு. உடம்பின் கார்டிசால் விடியற்காலையில் உச்சத்தில் இருக்கும், நடுராத்திரியில் தரையில் கிடக்கும். காலை டிபனுக்கு அப்புறம் போட்டால் அந்த ஓட்டத்தோடு போகும். ராத்திரி போட்டால் தூக்கம் போச்சு. மறுநாள் விடிகாலையில் பிட்யூட்டரி எழுந்திருப்பதையும் அது அமுக்கிவிடும்.

பாலு, அத்தையின் அத்தோவை நிறுத்து என்று சொல்ல மனசு வரவில்லை, ஆனால் ராத்திரி பதினோரு மணிக்கு வேண்டாம். கருவாடு, அப்பளம், ஊறுகாய் மூன்றையும் கண்ணில் படாமல் வை. உப்பைப் பிடித்து வைக்கிற குணம் பிரெட்னிசலோனுக்குக் கொஞ்சம் உண்டு, பிரஷர் ஏறும்.

பழையவண்ணை பாலு

கருவாடு இல்லாமல் அத்தையா? சரி, பார்க்கிறேன். இன்னொன்று கேட்க வேண்டும். கொஞ்ச நாளாகக் கழிவறையில் குந்தினால் எழுந்திருக்க முடியவில்லை, குழாயைப் பிடித்துக்கொண்டு எழுகிறார். மூட்டில் வலி இல்லையாம். வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டோம்.

கல்மண்டபம் அக்கா

விடாதீர்கள். ஸ்டீராய்டு தசையைக் கரைக்கும், முதலில் அடிவாங்குவது தொடையும் தோளும். குந்தி எழ முடியாது, தலைக்கு மேல் கை தூக்கிக் கொண்டை போட முடியாது. அடுத்த தடவை டாக்டரிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். மருந்தைக் குறைக்கக் குறைக்கத் தேறும். தினமும் நாற்காலியில் உட்கார்ந்து எழச் சொல்லுங்கள், சும்மா படுக்க விடாதீர்கள். எலும்புக்குக் கால்சியமும் வைட்டமின் டி-யும் எழுதியிருக்கிறார்களா பாருங்கள். இடுப்பெலும்பின் மூட்டில் புதிதாக வலி வந்தால் லூபஸ் வலிதான் என்று தள்ளாதீர்கள், அந்த எலும்புக்கு ரத்தம் போவதே குறையலாம். கண்ணில் புரை, அழுத்தம் இரண்டுக்கும் கண் டாக்டர் பார்க்க வேண்டும்.

வியாசை விங்கர்

தசையைக் கரைக்குமா? எங்கள் ஜிம்மில் ஸ்டீராய்டு போட்டுத்தானே அண்ணன்கள் எல்லாம் உடம்பு ஏற்றுகிறார்கள்? ஃபுட்பால் ஆடுகிற பசங்க இரண்டு பேர் ஊசி வரைக்கும் போயிட்டாங்க. எது உண்மை?

பிளஸ் டூ பயாலஜி

இரண்டும் உண்மை. வம்சம் ஒன்று, ஆள் வேறு. ஜிம்மில் போடுவது டெஸ்டோஸ்டீரோன் வகை, தசையை ஏற்றும். ஆஸ்பத்திரியில் கொடுப்பது கார்டிசால் வகை, தசையை இறக்கும்.

ஆனால் மூளை கணக்குப் பார்க்கிற விதம் இரண்டுக்கும் ஒன்றுதான். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டீரோன் வந்தால் பிட்யூட்டரி விதைப்பைக்கு அனுப்பும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோன்கள் இரண்டையும் நிறுத்திவிடும். விதைகள் சுருங்கும், விந்தணு உற்பத்தி விழும். நல்ல கொலஸ்ட்ரால் குறையும், முகத்தில் பரு வெடிக்கும். ஊசியை நிறுத்தினால் சொந்தச் சுரப்பு திரும்ப மாசங்கள் ஆகும். அந்த இடைவெளியில் சோர்வும் மன அழுத்தமும் தாங்காமல் திரும்பவும் ஊசிக்கே போகிறார்கள். உங்கள் பசங்களிடம் கல்யாணம் ஆகிக் குழந்தை வேண்டும் என்கிற பேச்சை எடுத்துப் பாருங்கள், காது கொடுப்பார்கள்.

வியாசை விங்கர்

பரு என்றதும் இன்னொரு தோல் தொல்லை ஞாபகம் வருகிறது. கிரவுண்டில் பாதிப் பேருக்குத் தொடை இடுக்கில் படை. மெடிக்கல்ஸில் கேட்டால் ஒரு ட்யூப் தருகிறார்கள், இரண்டு நாளில் அரிப்பு நின்றுவிடும், அப்புறம் இரண்டு மடங்காக வருகிறது.

டி.எச். ரோடு பெரிசு

அந்த ட்யூபில் குளோபெட்டசாலோ பீட்டாமெத்தசோனோ இருக்கும், பூஞ்சை மருந்தோடு கலந்து. ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் அமுக்கிவிடும், கூடவே அந்த இடத்தின் எதிர்ப்பு சக்தியையும். பூஞ்சைக்குக் கொண்டாட்டம். வட்டம் அழிந்து கண்டபடி பரவும், தோல் மெலிந்து கோடு விழும். சிவப்பாகலாம் என்று பெண்பிள்ளைகள் முகத்தில் தேய்ப்பதும் இதே சரக்குதான். நிறுத்தினால் முகம் எரியும், சிவக்கும், ரோமம் முளைக்கும். 2018-ல் இந்தியாவில் 14 வகை ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டோடுதான் விற்க வேண்டும் என்று அட்டவணை எச்-இல் சேர்த்தார்கள். சட்டம் இருக்கிறது. கவுன்டரில் என்ன நடக்கிறது என்று அங்கே நின்றவனுக்குத் தெரியும். வெள்ளையான சின்ன பீட்டாமெத்தசோன் மாத்திரையை உடம்பு போடுவதற்கு என்று கேட்டு வாங்குகிறவர்களும் உண்டு. அந்த 0.5 மில்லிகிராம், சுமார் 4 மில்லிகிராம் பிரெட்னிசலோனுக்குச் சமம். மில்லிகிராம் எண்ணைப் பார்த்து எது பெரிய மருந்து என்று முடிவு செய்யாதீர்கள்.

சும்மா கேக்குறேன்

சரி, பொட்டலப் பொடியை விடுகிறேன். அதிமதுரம் சாப்பிடலாமா? ராசப்பா செட்டி தெருவில் நல்ல அதிமதுரமாகப் பார்த்து வாங்கி வந்து தினமும் கஷாயம் போடுகிறோம். இதில் யாரும் எதுவும் கலக்கவில்லை, வேராகவே வாங்குகிறேன்.

பிளஸ் டூ பயாலஜி

இந்தக் கேள்விக்காகவே நான் இந்த இழையில் உட்கார்ந்திருந்தேன்.

அட்ரீனல் பட்டையின் வெளி அடுக்கு ஆல்டோஸ்டீரோன் சுரக்கிறது. சிறுநீரகத்தில் உப்பைப் பிடித்துவைத்து பொட்டாசியத்தை வெளியே விடச் சொல்வது அதன் வேலை. அதன் ஏற்பியில் கார்டிசாலும் கச்சிதமாகப் பொருந்தும். ரத்தத்தில் கார்டிசால் பல மடங்கு அதிகமாக இருந்தும் அங்கே ஆல்டோஸ்டீரோனின் பேச்சுதான் எடுபடுகிறது. காரணம், அந்த செல்களில் காவல் இருக்கும் ஒரு நொதி உள்ளே வருகிற கார்டிசாலை வேலைக்கு உதவாத கார்டிசோனாக மாற்றிவிடுகிறது. அதிமதுரத்தில் உள்ள கிளிசிரைசின் அந்த நொதியை மடக்கிவிடும். அப்புறம் கார்டிசாலே ஆல்டோஸ்டீரோனின் வேலையையும் பார்க்க ஆரம்பிக்கும். உப்பு தேங்கும், பிரஷர் ஏறும், பொட்டாசியம் இறங்கி கால் துவளும், இதயத் துடிப்பு தடுமாறலாம். தொண்டைக்கட்டுக்கு எப்போதாவது ஒரு துண்டு மென்றால் பிரச்சினை இல்லை. தினமும் கஷாயம் என்றால், அதுவும் பிரஷர்காரர், ஸ்டீராய்டு போடுகிறவர், நீர் பிரியும் மாத்திரை போடுகிறவர் என்றால், நிறுத்தச் சொல்வேன்.

இதே நொதி கர்ப்பிணியின் நஞ்சுக்கொடியிலும் இருக்கிறது. தாயின் கார்டிசால் மொத்தமாகக் குழந்தைக்குப் போகாமல் தடுக்கிறது. பிரெட்னிசலோனையும் பெரும்பகுதி தடுத்துவிடும். லூபஸ் உள்ள கர்ப்பிணிக்கு பிரெட்னிசலோனைத் தேர்ந்தெடுப்பது இதனால்தான். குழந்தைக்கே மருந்து போய்ச் சேர வேண்டுமென்றால் வேறு வழி பார்க்க வேண்டும். அக்கா சொல்வார்கள்.

கல்மண்டபம் அக்கா

குறைமாதப் பிரசவம். ஏழாம் மாசம் இடுப்புவலியோடு வருவார்கள். அந்தக் குழந்தையின் நுரையீரல் விரிய ஒரு வழுவழுப்பான பொருள் வேண்டும், அது அந்த மாசத்தில் போதுமான அளவு இருக்காது. தாய்க்கு டெக்சாமெத்தசோன் 6 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நாலு ஊசி. இது நஞ்சுக்கொடியின் காவலைத் தாண்டிவிடும். குழந்தையின் நுரையீரலை முன்கூட்டியே பழுக்க வைக்கும். நியூசிலாந்தில் லிக்கின்ஸ் என்ற டாக்டர் ஆட்டுக்குட்டிகளில் பார்த்து, ஹோவி என்பவரோடு சேர்ந்து 1972-ல் தாய்மார்களிடம் நிரூபித்தது. மலிவான ஊசி. பிரசவத்துக்கு முன்னால் ஒரு நாள் அவகாசம் கிடைத்தால் போதும், பிறந்த பிள்ளை மூச்சுக்குத் திணறுவது வெகுவாகக் குறையும். ஸ்டீராய்டு என்றதும் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நின்ற மாமியாரிடம் நானே மன்றாடியிருக்கிறேன்.

மணலி மாமா

கொரோனாவில் கூட இதே டெக்சா தானே?

டி.எச். ரோடு பெரிசு

ஆமாம். 2020 ஜூனில் இங்கிலாந்தின் ரெக்கவரி ஆய்வு வந்தது. தினம் 6 மில்லிகிராம், பத்து நாள். வென்டிலேட்டரில் இருந்தவர்களில் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, ஆக்சிஜனில் இருந்தவர்களில் ஐந்தில் ஒரு பங்கு. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலனே இல்லை. இந்தக் கடைசி வரியை யாரும் படிக்கவில்லை. 2021-ல் லேசான காய்ச்சலுக்கே டெக்சா கேட்டுக் கடை வாசலில் வரிசை. சுகர் எகிறி, கறுப்புப் பூஞ்சை வந்து கண் இழந்தவர்களை நாடே பார்த்தது.

இந்த மருந்தின் ஜாதகமே அப்படி. 1948-ல் அமெரிக்காவில் ஹென்ச் என்ற டாக்டர் முடக்குவாதத்தில் படுத்திருந்த பெண்ணுக்குக் கார்டிசோன் போட்டார் (கல்லீரல் அதைத் திரும்பக் கார்டிசாலாக்கிவிடும்). சில நாளில் எழுந்து நடந்தார். 1950-லேயே கெண்டல், ரைக்ஸ்டைன் இருவரோடு சேர்த்து நோபல் பரிசு. அதிசயம் என்று உலகமே கைதட்டியது. உப்பிய முகமும் உடைந்த எலும்பும் அப்புறம்தான் கணக்குக்கு வந்தன.

பழையவண்ணை பாலு

இவ்வளவு படித்ததும் அத்தைக்கு நிறுத்துகிற எண்ணமே போய்விட்டது, நான் படித்துக் காட்டினேன். ஒரு சந்தேகம். கீழ் வீட்டில் இருமல், காசநோய் என்று மருந்து எடுக்கிறார்கள். எதிர் வீட்டில் குழந்தைக்கு அம்மை போட்டிருக்கிறது. அத்தைக்கு ஏதாவது ஆகுமா?

கல்மண்டபம் அக்கா

பாலு, கவனமாகப் படியுங்கள். அத்தைக்குச் சின்ன வயதில் நீர்க்கொப்புள அம்மை வந்ததா என்று கேளுங்கள். வரவில்லை என்றால், தெரியவில்லை என்றாலும், இன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். இந்த அளவு ஸ்டீராய்டில் இருப்பவருக்கு அம்மை நுரையீரல் வரைக்கும் இறங்கலாம். கொப்புளம் தெரிவதற்கு முன்பே பாதுகாப்பு ஏற்பாடு செய்ய முடியும். அந்த வீட்டுப் பக்கம் போக வேண்டாம்.

இன்னொன்று, நம் ஊர் வழக்கம். வீட்டில் அம்மை போட்டால் அம்மன் வந்திருக்கிறாள் என்று எல்லா மாத்திரையையும் நிறுத்திவிடுவோம். வேப்பிலை கட்டுங்கள், மாரியாத்தாளுக்குக் கூழ் ஊற்றுங்கள், நானும் ஊற்றுகிறவள்தான். ஸ்டீராய்டை மட்டும் நிறுத்தாதீர்கள். காய்ச்சல் நேரத்தில் உடம்பு வழக்கத்தைவிட அதிகக் கார்டிசால் கேட்கும். அந்த நேரம் பார்த்து உள்ளதையும் பிடுங்கினால் கருவாட்டுக்கார அம்மாவின் கதைதான்.

பிளஸ் டூ பயாலஜி

காசநோய் பற்றி இரண்டு வரி. 1855-ல் தாமஸ் அடிசன் அட்ரீனல் செத்துப்போகும் நோயை விவரித்தபோது அவர் பார்த்தவர்களில் பலருக்குக் காசநோய்தான் காரணம். நம் நாட்டில் இன்றும் அது ஒரு காரணம். அதில் கைரேகை மடிப்பும் ஈறும் கறுக்கும், ஏனென்றால் பிட்யூட்டரி கத்திக் கத்தி ஏ.சி.டி.எச்.சை அளவுக்கு மீறி விடும், அது நிறமிச் செல்களையும் தூண்டும். மாத்திரையால் சுரப்பி தூங்கினால் கறுக்காது, பிட்யூட்டரியே வாய் மூடிக் கிடக்கிறதே. ஆல்டோஸ்டீரோனும் பெரும்பாலும் தப்பிவிடும், அதை முக்கியமாக நடத்துவது ஏ.சி.டி.எச். இல்லை, சிறுநீரகம் சுரக்கும் ரெனின் என்ற பொருள்.

டி.எச். ரோடு பெரிசு

காசநோய்க்குக் கொடுக்கிற ரிஃபாம்பிசின் கல்லீரலை முடுக்கி ஸ்டீராய்டைச் சீக்கிரம் கரைத்துவிடும். இரண்டும் சேர்ந்து ஓடினால் ஸ்டீராய்டு அளவைக் கூட்ட வேண்டி வரும். அத்தைக்கு அந்த மருந்து இல்லை, ஆனால் கீழ் வீட்டாரின் இருமல் விஷயம் டாக்டருக்குத் தெரிய வேண்டும். உள்ளே தூங்குகிற காசநோயை ஸ்டீராய்டு எழுப்பிவிடலாம். லூபஸுக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயினும் எழுதியிருப்பார்கள். அதை ஒழுங்காகப் போட்டால்தான் ஸ்டீராய்டை 5 மில்லிகிராமுக்கோ அதற்கும் கீழேயோ இறக்க முடியும். பெரிய மாத்திரை, கசக்கிறது என்று ஒதுக்கிவிடப் போகிறார்.

பழையவண்ணை பாலு

ஒதுக்கித்தான் வைத்திருந்தார். தலையணைக்குக் கீழே ஒரு அட்டை முழுசாக இருந்தது, இப்போதுதான் எடுத்தேன். அம்மை வந்ததா என்று பாட்டியிடம் கேட்டாயிற்று, வந்ததாம், கன்னத்தில் தழும்பு கூட இருக்கிறது. இருந்தாலும் நாளைக் காலையில் டாக்டரிடம் சொல்லிவிடுகிறேன். கடைசிக் கேள்வி, காலையில் மாத்திரை போட்டதும் வாந்தி எடுத்துவிட்டால்?

கல்மண்டபம் அக்கா

போட்ட அரை மணிக்குள் எடுத்தால் வயிறு அடங்கியதும் அதே அளவை மறுபடி கொடுங்கள். அதுவும் நிற்கவில்லை, அல்லது வாந்தியோடு வயிற்றுப்போக்கு, மயக்கம் என்றால் வீட்டில் உட்கார்ந்து எலுமிச்சை ஜூஸ் கலக்கிக்கொண்டிருக்க வேண்டாம். நேராக அவசரப் பிரிவு. வாசலிலேயே "ஸ்டீராய்டு எடுக்கிறவர், மாத்திரை வயிற்றில் தங்கவில்லை" என்று சொல்லுங்கள். ஊசியாகப் போட வேண்டும். லூபஸ் என்று ஆரம்பித்துக் கதை சொல்லாதீர்கள், இந்த வரி முதலில். மருந்தின் பெயர், இன்றைய அளவு, ஆரம்பித்த மாசம் மூன்றையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அத்தையின் பர்ஸில் ஆதார் கார்டோடு வையுங்கள். அளவு குறைகிற ஒவ்வொரு தேதியிலும் காகிதத்தை மாற்றுங்கள்.